மேகம் வராத சாயங்காலம்

முதல் தவறு, தேயிலைக் கம்பெனி ஆளுக்கு ஒரு கம்பளி என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஒரு கம்பளி கொடுத்தது. இரண்டாவது, அந்த ஒன்றையும் ஆட்டு மயிர் என்று சொல்லிப் பஞ்சுக் கழிவில் நெய்ததைக் கொடுத்தது. மூன்றாவது, நாங்கள் குடியிருந்த லயத்துக் கூரைத் தகரத்தில் நட்சத்திரம் தெரியும் அளவுக்கு ஓட்டை விழுந்தும் இரண்டு வருஷம் ஆள் அனுப்பாதது. நான்காவது, கம்பளி கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கிய பதினோராம் நாள் விறகுக் கிடங்கைப் பூட்டியது. ஐந்தாவது, போராட்டத்தை விட்டு விலகுவதாகக் கையெழுத்துப் போடுகிறவனுக்கு மட்டும் கம்பளி என்று மறுநாளே ஸ்டோரைத் திறந்து வைத்தது. ஆறாவது, மூன்று பேர் பனியில் விறைத்துச் செத்தபோது இயற்கை மரணம் என்று எழுதிக்கொண்டது. ஆறு. இந்த வரிசை மாறக்கூடாது. எழுபத்தெட்டு மார்கழியிலிருந்து இன்றுவரை இதே வரிசையில்தான் சொல்லி வந்திருக்கிறேன், பிரட்டுக்களத்தில், கோர்ட்டில், போலீஸ் ஸ்டேஷனில், என் பெண்டாட்டி தெய்வானையிடம் எத்தனையோ முறை. வரிசை மாறினால் எதிரி நடுவில் புகுந்துவிடுவான் என்று முதன்முதலில் படித்த துண்டறிக்கையிலேயே கற்றுக்கொண்டேன். நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரை. மிச்சமெல்லாம் துண்டறிக்கை. ஏகாதிபத்தியம் என்ற சொல்லை எழுதத் தெரிந்த பிறகுதான் என் அப்பன் பெயரைப் பிழையில்லாமல் எழுதக் கற்றேன். ஆனால் இன்றைக்கு, பசை வாளியில் குச்சியைப் போட்டுக் கிண்டிக்கொண்டு, ஆறு என்று முடித்ததும் நாக்கு ஏழுக்குப் போகிறது. ஏழாவது ஒன்று கிடையாது. நாற்பது வருஷத்துக்கு மேலாக ஆறுதான்.

பசை சரியாக வந்திருக்கிறது. மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு அப்புறம் கொதிக்கிற தண்ணீரில் ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்தால் கட்டி விழும். ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது. மலையில் என்னைப்போலப் பசை காய்ச்ச ஆள் கிடையாது, இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, சொல்லக்கூடியவன் எல்லாம் இப்போது காரில் போகிறான். எங்கள் தொழிற்சங்க ஆபீஸ் இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் செய்கிறார்கள். போகட்டும். மார்கழி பிறந்தால் என் வேலை சுவர். சவுக்குப் பலகைச் சுவர், எஸ்டேட் லயத்தை விட்டு வெளியே வந்தபிறகு நானே அடித்தது. வெயிலில் பலகை சுருங்கி, ஒவ்வொரு இடுக்கிலும் விரல் போகும். அதில்தான் பனிக்காற்று கத்தி மாதிரி நுழையும். ஆகவே வருஷத்துக்கு ஒரு அடுக்கு காகிதம். பழைய தினத்தாள், பழைய சுவரொட்டி, கைவசம் மிஞ்சிய நோட்டீஸ் எதுவானாலும் சரி, எழுத்து உள்பக்கம் பார்த்திருக்க வேண்டும். அது என் பழக்கம். படுத்துக்கொண்டே படிக்கலாம். தெய்வானைக்கு இது எரிச்சல். “வீடா இது, நோட்டீஸ் போர்டா? புரண்டு படுத்தா மூக்குக்கு எதிர்ல ‘பொங்கி எழுவீர்’னு இருக்கு. நான் எங்க பொங்குறது, சோறுதான் பொங்குது.” அவளும் கொழுந்து பறித்தவள், என்னோடு இரண்டு முறை ஜெயிலுக்கு வந்தவள், ஆகவே சொல்லலாம்.

அவள் இப்போது வெளியே உருளைச் செடிக்கு மேல் காய்ந்த பெரணியைப் பரப்பிக்கொண்டிருக்கிறாள். அதை ஒரு வாரமாகக் காயவைத்திருந்தோம். பனி விழுந்தால் உருளை இலை காலையில் வெந்த கீரை மாதிரி தொங்கிவிடும், மேலே பெரணி இருந்தால் அடி தப்பும். விடிகிறதற்கு முன்னால் எழுந்து, வெயில் படுவதற்கு முன் தண்ணீர் தெளித்துவிடுவாள். சீகை விறகு பின்பக்கம் இடுப்புயரத்துக்கு அடுக்கியாயிற்று. தணல் சட்டிக்குக் கரி இருக்கிறது. பூண்டு, இஞ்சி, கருப்பட்டி இருக்கிறது. தகரத்தின் மேல் கல் ஏற்றியாயிற்று. மீதி இருப்பது கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் மூலை ஒன்றுதான், அங்கே போன மழையில் காகிதம் ஊதிப்போய்ச் சுவரிலிருந்து வயிறு மாதிரி தள்ளிக்கொண்டு நிற்கிறது. அதைக் கிழித்து எடுத்துவிட்டுத்தான் புதிது ஒட்ட வேண்டும். மணி இரண்டு. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். வானம் வெறிச்சென்று கிடக்கிறது. மேற்கே மட்டும், கொண்டைப் பாறைக்கு மேலே, துடைத்துப் போட்ட துணி மாதிரி ஒரு மேகம். காற்று நின்றுவிட்டது. அந்த ஒரு மேகம் பெருத்தால் இன்றைக்குப் பனி இல்லை. பனி இல்லையென்றால் கூட்டம் இல்லை.

எங்கள் கூட்டத்துக்குத் தேதி கிடையாது. வருஷத்தின் முதல் பனி என்றைக்கு விழும் என்று வானம் சொல்கிறதோ அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு, மேல் எஸ்டேட் பிரட்டுக்களத்தில், ஒரு சீகைக் கட்டையை எரித்துக்கொண்டு நிற்போம். பிரட்டு என்றால் காலையில் பேர் கூப்பிடுவது. கணக்கப்பிள்ளை பேர் வாசிக்க ஆள் “இருக்கேன்” என்று சொல்வது. அதே மாதிரி நான் செத்தவர்கள் பேரை வாசிப்பேன். அவரவர் சொந்தம் “இருக்கோம்” என்று சொல்லும். பாப்பாத்தி. இருக்கோம். காத்தமுத்து. இருக்கோம். செல்லையா மகள், அதற்குப் பேர் வைக்க நாள் வரவில்லை, ஆகவே செல்லையா மகள். இருக்கோம். அப்புறம் ஆறு தவறையும் வரிசையாகச் சொல்வேன், கட்டை எரிந்து முடியும், எல்லோரும் போய்விடுவார்கள். ஒரு காலத்தில் நானூறு பேர் நிற்பார்கள். போன வருஷம் பத்தொன்பது பேர், அதில் இரண்டு பேர் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள். வானத்தைப் பார்த்துப் பனியைச் சொல்லும் வேலையும் என்னுடையது. மேகம் இல்லை, காற்று இல்லை, கிணற்றுத் தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாக இருக்கிறது என்றால் அன்று பனி. இது எனக்கு இப்போது தெரியும். அப்போது தெரியாது. அங்கேதான் நாக்கு ஏழுக்குப் போகிறது.

காலையில் நாகவல்லி வந்தாள். பக்கத்து வீடு. தலைச்சுமையாக விறகு கொண்டுவந்து பின்பக்கம் இறக்கினாள். ஒவ்வொரு மார்கழிக்கும் கேட்காமலே கொண்டுவருவாள், கேரட் கழுவுகிற இடத்தில் நாளெல்லாம் தண்ணீரில் நின்று கால் வெடித்தவள், ஐம்பது வயதாகிறது. பாலில்லாத சாயத்தண்ணி போட்டுக் கொடுத்தாள் தெய்வானை. குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வாசலில் நின்றபடியே சொன்னாள், “மாமா, இன்னைக்குப் பனி விழும்போல.” விழும் என்றேன். “வருஷா வருஷம் மூணு பேரு வாசிக்கிறீங்க. எங்கப்பா நாலாவதா செத்தாரு. அவரு குளிருக்குச் செத்தாரா, வெயிலுக்குச் செத்தாரா?” நான் விறகைப் பார்த்தேன். “சும்மா கேக்குறேன் மாமா. இந்த வருஷம் வாசிச்சா வாசிங்க. வாசிக்கலைன்னா நான் அங்க வரமாட்டேன். விறகு கொண்டாந்து போடுவேன், அது வேற.” கோபமே இல்லாமல் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கோபத்துக்குப் பதில் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அவள் போன பிறகு தெய்வானை அடுப்பைப் பார்த்தபடி, “ஆயிரம் பேருக்கு எதிர்ல பேசின வாயி, ஒரு பொம்பளைக்குப் பதில் சொல்ல முடியலை” என்றாள்.

அடைக்கலம். நாகவல்லியின் அப்பன். நானும் அவனும் இலங்கையிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள், மன்னார்க் கடலில் இரண்டு பேரும் ஒரே வாளியில் வாந்தி எடுத்தோம், அன்றிலிருந்து மச்சான். எங்கள் தோட்டம் அங்கே கண்டிப் பக்கம், நடு உயரம். அங்கே குளிர் என்றால் மழையும் மூடுபனியும். மேகம் இறங்கினால் குளிரும், வானம் திறந்தால் உடம்பு காயும். இதுதான் எங்களுக்குத் தெரிந்த வானம். இந்த மலையின் வானம் தலைகீழ் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் யார்? கம்பெனி சொல்லியிருக்கலாம், அதையும் ஒரு தவறாகச் சேர்க்கலாம், ஏழாவதாக அதைச் சேர்க்கலாம் என்று ஒருமுறை நினைத்து எழுதியும் பார்த்தேன், மை காய்வதற்கு முன் கிழித்துவிட்டேன். பொய் எழுதத் தெரியாதவன் இல்லை நான். எதிரியைப் பற்றி இரண்டை நான்காக்கி எழுதியிருக்கிறேன். அது வேறு.

மூலைக் காகிதத்தை இழுத்தேன். அடுக்கடுக்காக வருகிறது. போன வருஷத்தின் சினிமா விளம்பரம். அதற்கு அடியில் தேர்தல் நோட்டீஸ், சிரிக்கிற முகம், பல்லில் கரையான். அதற்கு அடியில் பஞ்சப்படி கேட்டு நான் எழுதியது. அதற்கும் அடியில் தோட்டத்தை மூடாதே என்று நான் எழுதியது. தோட்டத்தில் பாதியை மூடிவிட்டார்கள். நான் எழுதிய எதற்கும் எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது, கம்பளி வந்தது. பத்தொன்பதாம் நாள் ஆளுக்கு ஒரு கம்பளி, ஆட்டு மயிர், முத்திரையோடு. ஜெயித்தோம். அன்று ஸ்டோர் வாசலில் கணக்கப்பிள்ளை பேர் வாசித்து வாசித்துக் கொடுத்தான். அடைக்கலம் என்று வாசித்தான். யாரும் இருக்கேன் என்று சொல்லவில்லை. இன்னொரு முறை வாசித்தான். அவன் செத்து மூன்று நாள் ஆகியிருந்தது, கம்பெனிப் பட்டியலில் இன்னும் வெட்டவில்லை. நான் முன்வரிசையில் மாலையோடு நின்றுகொண்டிருந்தேன். கம்பெனிக்காரன் பட்டியலில் இருந்த பேர் எங்கள் பட்டியலில் இல்லை. இது எனக்கு அன்றே உறைத்தது. இல்லை, அன்று உறைக்கவில்லை. அன்று மாலையில் இருந்த செவ்வந்தி கழுத்தில் அரித்தது, அதுதான் ஞாபகம். உறைத்தது எப்போதோ, ஏதோ ஒரு மார்கழியில், சுவருக்குக் காகிதம் ஒட்டும்போது.

மேகம் அப்படியே இருக்கிறது. பெருக்கவில்லை, சிறுக்கவில்லை. தெய்வானை ஜன்னலுக்கு வெளியே இருந்து, “என்னா அங்கயே பாக்குறீங்க? மேகம் வந்தா கூட்டம் இல்லைன்னா?” என்கிறாள். “பசை இறுகுதுன்னு பாக்குறேன்.” “பசை வாளியில இருக்கு. வானத்துல இல்லை.” பெரணிக் கட்டை உதறுகிறாள், தூசி வெயிலில் எழும்பி நிற்கிறது, விழமாட்டேன் என்கிறது, அவ்வளவு அசைவில்லாத காற்று. இந்த வெயில் எனக்குப் பிடிக்கும். பனி எனக்குப் பிடிக்கும். இதை நான் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. எழுதியதெல்லாம் பனி என்ற எமன், பனி என்ற முதலாளியின் கைக்கூலி. ஆனால் விடிந்ததும் கதவைத் திறந்தால் புல் ஒவ்வொன்றும் தனித்தனியாக உப்பு பூத்து நிற்பதும், கால் வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்குவதும், எட்டரை மணிக்கு வெயில் வந்து முதலில் முழங்காலைத் தொடுவதும், பனி விழுந்த மறுநாள் பிடுங்குகிற கேரட் ஒரு பிடி சர்க்கரை அதிகமாக இனிப்பதும், சாயத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் வெறுமனே பிடித்துக்கொண்டு நிற்பதும், இதற்கெல்லாம் சுவரும் விறகும் கம்பளியும் வேண்டும். இருக்கிறவனுக்குப் பனி அழகு. அதற்காகத்தானே சண்டை போட்டோம். அழகு எல்லாருக்கும் வேண்டும் என்றுதான். இதை யாராவது துண்டறிக்கையில் எழுதியிருந்தால் அச்சுக்கூடத்துக்காரன் சிரித்திருப்பான்.

கடைசி அடுக்கு பலகையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வீடு கட்டிய முதல் வருஷம் ஒட்டியது, டிரங்குப் பெட்டியில் மிஞ்சிக் கிடந்த பழைய கட்டு. ஈரத்துணி வைத்து நனைத்து, நகத்தால் நெம்பினேன். மஞ்சள் காகிதம். கொட்டை எழுத்து. கருங்காலி அடைக்கலத்தைக் கண்டறிவீர், காறித் துப்புவீர். என் எழுத்து. கருங்காலி, கண்டறிவீர், காறி, மூன்று ககரம் சேர்ந்து வந்துவிட்டது என்று அன்று அச்சுக்கூடத்தில் இரண்டு முறை சத்தமாக வாசித்துப் பார்த்துக்கொண்டேன். மோனை நன்றாக இருந்தது. இத்தனை வருஷம் இது என் தலைமாட்டில், இருபத்திரண்டு அடுக்குக்கு அடியில், எழுத்து உள்பக்கம் பார்த்தபடி இருந்திருக்கிறது. நான் அதன்மேல் சாய்ந்து தூங்கியிருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் அவன் ஸ்டோருக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுக் கம்பளி வாங்கினான். பிள்ளைக்குக் காய்ச்சல். நாலு வயது. பதின்மூன்றாம் நாள் மத்தியானம் நாங்கள் ஏழு பேர் அவன் லயத்துக்குப் போனோம். ஒருத்தன் வாங்கினால் நாளைக்கு நாற்பது பேர் வாங்குவான், போராட்டம் போய்விடும். இது சரி, இன்றைக்கும் இது சரி, இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அவன் சண்டை போடவில்லை. “மச்சான், பிள்ளைக்கு இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும். நாளைக்கு நானே கொண்டாந்து ஆபீஸ் கேட்டுல போடுறேன்.” ஒரு ராத்திரி. நான் லயத்து வாசலில் நின்று மேலே பார்த்தேன். ஒரு மேகம் இல்லை, காற்று இல்லை, கண்ணாடி மாதிரி வானம். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, நான் கொடுமைக்காரனாக அதைச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னேன். “வானம் எப்படித் தெளிஞ்சு கிடக்கு பாருடா. இன்னைக்கு எங்க குளிரப்போவுது?” அவனும் பார்த்தான். அவனும் நம்பினான், அதே கண்டிக்காரன்தானே. பிள்ளை மேலிருந்து கம்பளியை அவனே எடுத்து, மடித்து, இரண்டு கையாலும் கொடுத்தான். மடித்துக் கொடுத்தான். நாங்கள் அதை ஆபீஸ் கேட்டில் தொங்கவிட்டோம், காலையில் பார்த்தால் அது பலகை மாதிரி விறைத்து வெள்ளையாக நின்றது. அந்த ராத்திரிதான் பாப்பாத்தியும் காத்தமுத்துவும் செல்லையா மகளும். அடைக்கலம் தன் சட்டையையும் சாக்கையும் பிள்ளைக்குச் சுற்றிவிட்டு வெற்றுடம்போடு அடுப்பு மேட்டில் உட்கார்ந்திருந்தானாம், அடுப்பில் போட விறகு இல்லை. மார்ச்சளி கட்டி மூன்றாம் நாள் செத்தான். நோட்டீஸ் அதற்குள் அச்சாகி வந்துவிட்டது. வந்ததை ஒட்டினோம். பசை நான்தான் காய்ச்சினேன்.

நாகவல்லி ஒருமுறை சொன்னாள், எப்போதோ, வேறு பேச்சுக்கு நடுவில். “எனக்கு எங்கப்பா முகம் ஞாபகம் இல்லை மாமா. அந்தக் கம்பளி வாசம் ஞாபகம் இருக்கு. ஒரு ராத்திரிதான் போத்தியிருந்தேன்.”

பசை தொட்ட துடைப்பக்கட்டை கையில் இருக்கிறது. ஒரே இழுப்பு, மேலே புதிய தினத்தாள், முடிந்தது. இருபத்துமூன்றாவது அடுக்கு. காற்றும் வராது. அவன் பேரை வாசித்தால் என்ன ஆகும்? பாப்பாத்தியின் பேரன் கேட்பான், கருங்காலிக்குப் பக்கத்தில் என் பாட்டி பேரா என்று. கேட்கட்டும் என்றால், அப்புறம் ஆறு தவறும் என்ன ஆகும்? எதிரி நடுவில் புகுந்துவிடுவான். எந்த எதிரி? கம்பெனியை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். துரை பங்களாவில் டூரிஸ்ட் தங்குகிறான். கேட்க மிச்சம் இருப்பது பத்தொன்பது பேர். அவள் வராவிட்டால் பதினெட்டு. எனக்கு எழுபத்தைந்து முடிந்துவிட்டது. அடுத்த மார்கழிக்கு வானம் பார்க்க நான் இல்லையென்றால் இந்த மூன்று பேரை யாராவது வாசிக்கலாம், மனப்பாடமாக இருக்கிறது எல்லாருக்கும். நாலாவதை வாசிக்க என்னைத் தவிர ஆள் இல்லை, பேரை வெட்டினவன்தான் எழுத வேண்டும். கிணற்றடிக்குப் போய்க் கையை விட்டுப் பார்த்தேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. நிமிர்ந்து மேற்கே பார்த்தேன். கொண்டைப் பாறை மட்டும் இருந்தது. மேலே ஒன்றும் இல்லை, எப்போது கரைந்தது என்று தெரியவில்லை, தெய்வானையைக் கேட்டால் அவள், “அப்பவே போயிடுச்சு. நீங்கதான் பாக்கலை” என்றாள். பிறகு, “அந்த மூலை ஒட்டலையா? ராத்திரி காத்து வரும்” என்றாள். “வரட்டும்” என்றேன். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவள் அதைப் பார்த்தாள், கோட்டை எடுத்துக் கொடுத்தாள். வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பி, “ஏ நாகு, உங்க மாமா கிளம்பிட்டாரு. வாறியா என்னா?” என்று கத்தினாள்.

பதினாறு பேர் இருந்தார்கள். எண்ணினேன், எண்ணாமல் இருக்க முடியாது. கட்டை பிடித்துக்கொள்ள நேரம் எடுத்தது. பாப்பாத்தி. இருக்கோம். காத்தமுத்து. இருக்கோம். செல்லையா மகள். இருக்கோம். ஒன்றிலிருந்து ஆறுவரை வரிசையாகச் சொன்னேன், குரல் நன்றாகத்தான் வந்தது. பாப்பாத்தி பேரன் கையைத் தேய்த்துக்கொண்டு கிளம்பத் திரும்பினான். “நில்லு, முடியலை” என்றேன். “இன்னும் என்னா தாத்தா, ஆறுதானே?” “ஏழு.” சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி விரித்துப் பிடித்தேன், நெருப்பு வெளிச்சத்தில் பின்பக்கத்திலிருந்தும் எழுத்து தெரிந்திருக்கும். ஏழாவது தவறு, பதின்மூன்றாம் நாள், காய்ச்சல் கண்ட பிள்ளை மேலிருந்த கம்பளியைச் சங்கம் திரும்ப வாங்கியது. கேட்டு வாங்கியது நான். வானத்தைத் தப்பாகப் படித்தது நான். இந்த நோட்டீஸை எழுதியது நான். கூட்டத்துக்குப் பின்னால், தேயிலை ஓரத்துப் பாதையில், கழுத்துவரை துண்டைச் சுற்றிக்கொண்டு நாகவல்லி நின்றாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது, எண்ணும்போது இல்லை. நான் காகிதத்தை மடித்து, நெருப்பில் போடாமல், திரும்பப் பைக்குள் வைத்தேன். அது இருக்க வேண்டும். பிறகு கணக்கப்பிள்ளை வாசிப்பதுபோல, அப்பன் பேரோடு, மேடைக்குரல் இல்லாமல், பதினேழு பேருக்கும் கேட்கும்படி வாசித்தேன்.

“பழனியாண்டி மகன் அடைக்கலம்.”